மணி அடிப்பதற்கு முன்னால் பன்னிரண்டு நிமிடம்: வகுப்பறையில் தனிப்பயிற்சியைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்பு, மூன்றாம் பருவம், சதவீதம். அன்று பாடம் அருமையாகப் போனது என்றே நம்பினேன். கரும்பலகையில் நான்கு எடுத்துக்காட்டுகள் போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் "அடுத்து என்ன?" என்று கேட்டால் முப்பத்தாறு தொண்டைகளும் ஒரே குரலில் பதில் சொல்லின. மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் "பயிற்சியில் உள்ள எல்லாக் கணக்கையும் வீட்டில் போட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, டஸ்டரை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். நான்காவது கணக்கில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே தவறு. தவறு ஒன்றாக இருந்ததைக்கூட விட்டுவிடலாம். அடித்துத் திருத்திய இடமும் ஒன்றாகவே இருந்தது. ட்யூஷனுக்குப் போகும் ஒரு பையனின் நோட்டு, காலை வழிபாட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கைமாறிக் கைமாறி முப்பது குட்டி போட்டிருந்தது.

பிள்ளைகளைத் திட்டினேன். பிறகு என் பாடக்குறிப்பைத் திறந்து பார்த்தபோது அந்தத் திட்டு எனக்கே உரியது என்று தெரிந்தது. நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட, ஒரு பிள்ளை பக்கத்துக் குரலின் துணையில்லாமல் தன் கையால் ஒரு கணக்கைப் போட நான் இடம் வைக்கவில்லை. அந்த வேலையை முழுசாக வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்ப் பக்கம் பாதி வீடுகளில் சாயங்காலம் பூக்கட்டும் வேலை நடக்கும். மீதி வீடுகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் கணக்கு ஆசிரியை என்பதால் உதாரணம் எல்லாம் கணக்காக இருக்கும். மற்றப் பாடங்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

தனிப்பயிற்சி என்றால் எது

நமது பாடக்குறிப்பு ஏட்டில் அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் "தொடர்பணி" என்று ஒரு வரி. பெரும்பாலோர் தனிப்பயிற்சியை அந்த ஒரு வரியில் அடக்கிவிடுகிறோம். தொடர்பணி என்பது வீட்டில் நடப்பது. நான் சொல்லும் தனிப்பயிற்சி வகுப்பில், ஆசிரியர் கண் முன்னால், ஒவ்வொரு பிள்ளையும் பேச்சுத்துணை இல்லாமல் தானே செய்வது. அது தேர்வும் இல்லை. தேர்வு மதிப்பெண் கொடுக்கும். தனிப்பயிற்சி நாளைக்கு என்ன நடத்த வேண்டும் என்ற சேதியை எனக்குக் கொடுக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் மேட்லின் ஹன்டர் வகுத்த பாடத்திட்ட அமைப்பில் ஆசிரியர் செய்துகாட்டுவது, புரிந்ததா என்று சோதிப்பது, துணையோடு பயில்வது ஆகியவற்றுக்குப் பின்னால்தான் தனியே பயில்வது வரும். 1983இல் பியர்சன், கல்லகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே பொறுப்பு ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதாக விளக்கினார்கள். நம் வாய்க்கு வசதியாகச் சொன்னால்: நான் செய்கிறேன், நாம் செய்கிறோம், நீ செய். நம் வகுப்பறைகளில் முதல் இரண்டும் அமோகமாக நடக்கும். மூன்றாவதை மணி தின்றுவிடும்.

படி 1: கடைசிக் கணக்கை முதலில் எழுதுங்கள்

பாடக்குறிப்பை எப்போதும் அறிமுகத்திலிருந்து எழுதத் தொடங்குவோம். அதைத் தலைகீழாக்குங்கள். வகுப்பு முடியும்போது பிள்ளை தனியாகப் போட வேண்டிய ஒரே ஒரு கணக்கை முதலில் எழுதுங்கள். "சதவீதத்தைப் புரிந்துகொள்வர்" என்று கற்றல் விளைவு எழுதினால் அதை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. நான் எழுதியது இது:

"சந்தைக்கு அனுப்பிய பூவில் 6 கிலோ வாடிவிட்டது, 34 கிலோ நல்ல பூ. வாடிய பூ எத்தனை சதவீதம்?"

இதைப் போட ஒரு பிள்ளைக்கு என்னென்ன தெரிய வேண்டும்? மொத்தம் கேள்வியில் சொல்லப்படவில்லை, கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்ற வேண்டும். 6ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கத் தெரிய வேண்டும். 6/40ஐச் சுருக்கத் தெரிந்தால் கை வலிக்காது. விடை 15 சதவீதம். இந்த மூன்றும்தான் அன்றைய பாடம். நான்கு எடுத்துக்காட்டில் இரண்டு தேவையில்லை என்பது இப்படி எழுதிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெட்டிவிட்டேன். அந்த நேரம்தான் பயிற்சிக்குப் போனது.

படி 2: நேரத்தைக் கடிகாரத்தில் எழுதுங்கள்

"வலுவூட்டுதல் – 10 நிமிடம்" என்று எழுதினால் அந்தப் பத்து நிமிடம் வராது. கடிகார நேரமாக எழுதினால் வரும். என் ஏட்டின் ஓரத்தில் இப்படி இருக்கும்:

10.10 – நேற்றைய பாடத்தில் இரண்டு கேள்வி
10.15 – நான் செய்துகாட்டுவது
10.25 – கூடிச் செய்வது
10.37 – தனிப்பயிற்சி
10.49 – சரிபார்ப்பு, வெளியேறும் சீட்டு (வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் ஒற்றைக் கணக்கு)
10.55 – மணி

10.37க்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அதுவரை நடத்தியது போதும், போதாது என்ற வாதமெல்லாம் கோட்டுக்கு மேலேதான். எதையாவது விட வேண்டும் என்றால் செய்துகாட்டுவதில் ஒரு எடுத்துக்காட்டை விடுவேன்; பன்னிரண்டு நிமிடத்தைத் தொடமாட்டேன்.

நாளையும் பாடவேளையையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. முதல் பாடவேளையில் வருகைப் பதிவு ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் அமைதி தானாக வரும், ஆனால் அது வேறு வகை அமைதி. பொங்கலை ஒட்டி எங்கள் மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு நடக்கும் நாட்களில் வகுப்பில் பாதிப்பேர்தான் இருப்பார்கள். அன்று புதுப் பாடம் வேண்டாம், பழைய பாடத்தில் தனிப்பயிற்சி வைத்துக்கொள்ளலாம்.

படி 3: கணக்குகளைத் தேர்ந்தெடுப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாடநூலில் "இவற்றை முயல்க" என்று சில கணக்குகள், பிறகு "பயிற்சி" என்று ஒரு வரிசை, அத்தியாயக் கடைசியில் "மேற்சிந்தனைக் கணக்குகள்". புத்தகத்தின் மேல் எனக்குக் குறையில்லை. அந்த வரிசை பாடத்தின் வரிசை. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வரிசையாக அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பயிற்சியில் முதல் ஐந்து கணக்கைக் குறித்துக் கொடுப்பது தேர்ந்தெடுத்தல் ஆகாது.

பன்னிரண்டு நிமிடத்துக்கு ஆறு கணக்கு போதும். ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு வர வேண்டும். முறையை மாற்றிய பிறகு சதவீதப் பாடத்தில் நான் கொடுத்தவை:

ஒன்று. 100 தேங்காயில் 15 அழுகல். எத்தனை சதவீதம்? இதில் கணக்கே இல்லை, பார்த்தாலே விடை. கைவிட்ட பிள்ளையும் பென்சிலை எடுக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. இதையும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வேறு ஏதோ பிரச்சினை; காலையில் சாப்பிட்டதா என்று கேட்க வேண்டும்.

இரண்டு. 50 முட்டையில் 8 உடைந்தது. கீழே 100 இல்லை; ஆனால் இரட்டித்தால் 100 வந்துவிடும். சூத்திரம் மறந்த பிள்ளையும் 16 சதவீதம் என்று வேறு வழியில் வந்துவிடலாம். எந்த வழியில் வந்தது என்று பார்க்க எனக்கு ஆசை.

மூன்று. 40 கிலோ பூவில் 6 கிலோ வாடியது. இப்போது வழக்கமான முறை வேண்டும். நான் பலகையில் செய்துகாட்டியதும் இதே அச்சுத்தான்.

நான்கு. 6 கிலோ வாடியது, 34 கிலோ நல்லது. எண்கள் அதே எண்கள், விடையும் அதே விடை. ஆனால் மொத்தம் ஒளிந்துகொண்டது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை 6/34 என்று எழுதும். இந்தக் கணக்கில் ஒரு தவறு எனக்குக் கிடைத்தால் அது பத்துச் சரியான விடைக்குச் சமம்.

ஐந்து. ஒரு மாணவன் இப்படிப் போட்டிருக்கிறான்: "12 பேரில் 3 பேர் வரவில்லை. 3/9 × 100 = 33⅓ சதவீதம்." எங்கே தவறினான்? இதற்குப் பிள்ளைகள் காட்டும் உற்சாகம் தனி. தன் தவறைத் தேடுவதென்றால் கசக்கும்; அடுத்தவன் தவறென்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள். (3/12, அதாவது 25 சதவீதம்.)

ஆறு. 3/8ஐத் தசமமாக எழுதுக. இது அன்றைய பாடமே இல்லை. போன மாதப் பாடம். ஏன் என்பதைப் படி 8இல் சொல்கிறேன்.

முடித்துவிட்டவர்களுக்கு ஏழாவதாக ஒன்று: விடை 20 சதவீதம் வருமாறு உன் வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ ஒரு கணக்கை நீயே எழுது. இதை வேகமானவர்களுக்குத் தண்டனையாக்கி, "முடித்துவிட்டாயா, இன்னும் ஐந்து போடு" என்று கொடுக்காதீர்கள். இரண்டே வாரத்தில் அவர்கள் மெதுவாகப் போடக் கற்றுக்கொள்வார்கள்.

எண்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். சதவீதம் கற்கும் நாளில் 17/23 மாதிரிப் பின்னம் கொடுத்தால் பிள்ளை வகுத்தலில் சிக்கிக்கொள்ளும்; சதவீதம் தெரிந்ததா தெரியவில்லையா என்று நமக்கே தெரியாமல் போகும். புதுக் கருத்து வரும் நாளில் எண் எளிதாக இருக்கட்டும்.

படி 4: அவிழ்த்துவிடும் முன் வாசலில் நிறுத்திப் பாருங்கள்

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். உலகத்தில் இதைவிடப் பயனற்ற கேள்வி இல்லை. "புரிந்தது டீச்சர்!" என்று பாட்டுப்போல வரும். ஒரு குரல் முன்னே சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்லும் முறை நம்மிடம் திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இருக்கிறது. எண்சுவடியை அப்படித்தான் முறைபோட்டு ஒப்பித்தார்கள். மனப்பாடத்துக்கு அது நல்ல முறை. யாருக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடிக்க அதைவிட மோசமான முறை கிடையாது, ஏனென்றால் தெரியாதவன் வாயும் அசையும்.

அதற்குப் பதில், கூடிச் செய்யும் பகுதியின் கடைசியில் இரண்டு சிறு கணக்கு கொடுங்கள். எல்லோரும் சிலேட்டில் எழுதி, "காட்டு" என்றதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். சிலேட்டு இல்லையென்றால் பயன்படுத்திய தாளின் பின்பக்கம் போதும். கண்ணால் ஒரு வரிசை பார்த்தால் தெரிந்துவிடும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பராக் ரோசன்ஷைன் 2012இல் எழுதிய கற்பித்தல் கோட்பாடுகள் கட்டுரையில், மாணவர் பதில்களில் ஏறக்குறைய 80 சதவீதம் சரியாக வருவது கற்றலுக்கு உகந்த நிலை என்கிறார். எனக்கு அது ஒரு வாசற்படி. முப்பத்தாறு பேரில் இருபத்தொன்பது சிலேட்டு சரியாக இருந்தால் தனிப்பயிற்சிக்கு அனுப்புவேன். இல்லாவிட்டால் இன்னொரு எடுத்துக்காட்டு.

அந்த இன்னொரு எடுத்துக்காட்டை முழுசாக நானே போடமாட்டேன். முதல் கணக்கில் எல்லா வரியும் பலகையில் இருக்கும். அடுத்ததில் கடைசி வரியை மட்டும் காலியாக விடுவேன். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரி காலி. தீர்த்துக்காட்டிய கணக்கைப் படித்துப் பழகுவது தொடக்கநிலை மாணவருக்கு எவ்வளவு உதவும் என்று ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985இல் இயற்கணிதத்தை வைத்துக் காட்டினார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும்போது பின்னால் பிடித்திருக்கும் கையை ஒரேயடியாக எடுப்பதில்லை அல்லவா? விரல் விரலாக எடுப்போம், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.

படி 5: சொல்ல வேண்டியதைப் பலகையில் எழுதிவிடுங்கள்

வாயால் சொன்னால் பன்னிரண்டு நிமிடமும் "டீச்சர், எத்தனையாவது கணக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பலகையின் இடது ஓரத்தில் நான்கே வரி: எந்தக் கணக்குகள், எத்தனை மணி வரை, சிக்கினால் என்ன செய்வது, முடித்தால் என்ன செய்வது. மூன்றாவது வரிதான் முக்கியம். சிக்கினால் முதலில் பலகையில் உள்ள எடுத்துக்காட்டைப் பார். பிறகு உன் நோட்டைப் பார். அப்புறமும் வரவில்லை என்றால் அந்தக் கணக்குக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். நான் வந்து வட்டத்தைப் பார்த்துக்கொள்வேன்.

படி 6: உட்காராதீர்கள்

எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்கியதும் நமக்கு ஒரு ஆசை வரும். கைபேசியில் ஏற்ற வேண்டிய விவரம் ஒன்று பாக்கியிருக்கும். திருத்த வேண்டிய நோட்டு இருக்கும். ஒரு வாய்த் தண்ணீராவது குடிக்கலாம் என்று தோன்றும். தண்ணீர் மட்டும் குடியுங்கள். இந்தப் பன்னிரண்டு நிமிடம் பிள்ளைகள் எழுதும் நேரம், நாம் படிக்கும் நேரம்.

முதல் ஒரு நிமிடம் அசையாமல் முன்னால் நிற்பேன். யார் பென்சிலை எடுக்கவில்லை, யார் கண் பக்கத்து நோட்டில் இருக்கிறது என்று தெரியும். பிறகு ஒரே பாதையில் நடப்பேன்: ஜன்னல் வரிசை, பின்பெஞ்சு, சுவர் வரிசை. போகும்போது கையில் மடித்த தாள் ஒன்று. அதில் பிள்ளைகளின் பெயர் கிடையாது. ஆறு கணக்கின் எண்கள் மட்டும். நான்காம் கணக்கில் ஒரு 6/34ஐப் பார்த்தால் அதற்கு நேரே ஒரு கோடு.

ஒரு பிள்ளையிடம் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். இதையும் ரோசன்ஷைன் சொல்கிறார்: இந்த நேரத்தில் ஆசிரியர் ஒரு மாணவரிடம் செலவிடுவது 30 விநாடி அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போதுதான் நன்றாக நடக்கிறது, ஒவ்வொரு மேசையிலும் நின்று நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தால், முன்னால் கூடிச் செய்த பயிற்சி போதவில்லை என்று பொருள். நான் இதை முதலில் நம்பவில்லை. ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு நிமிடம் சொல்லிக்கொடுத்து எழுந்து பார்த்தால், எனக்குப் பின்னால் ஐந்து பேர் பேனாவைக் கழற்றி ரீஃபிலை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அரை நிமிடத்தில் என்ன பேச முடியும்? அன்று நடந்ததையே சொல்கிறேன். மூன்றாம் பெஞ்சில் ஒருவன், பூக்காரர் வீட்டுப் பிள்ளை, 6/34 என்று எழுதி வகுத்துக்கொண்டிருந்தான். தசமம் நீண்டுகொண்டே போனது. "தப்பு" என்று நான் சொல்லவில்லை.

"தம்பி, கூடையில் மொத்தம் எத்தனை கிலோ இருந்தது?"

"முப்பத்து நான்கு, டீச்சர்."

"வாடிய பூ கூடைக்கு வெளியிலா இருந்தது?"

பென்சில் நின்றது. நான் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது 34ஐ அடித்துவிட்டு 40 எழுதியிருந்தான். பதில் வருகிறதா என்று அங்கேயே நின்று அவன் முகத்தைப் பார்த்திருந்தால், அவனும் நோட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்திருப்பான்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் நான்கு நிமிடத்துக்குள் ஒரே இடத்தில் ஆறேழு கோடு விழுந்துவிட்டால் கை தட்டி எல்லோரையும் நிறுத்திவிடுவேன். பென்சில் கீழே, கண் பலகையில். அந்த ஒரு இடத்தை மட்டும் இரண்டு நிமிடம் கூடிச் செய்துவிட்டு மறுபடி தனியே அனுப்புவேன். தவறான முறையைப் பன்னிரண்டு நிமிடம் பழகினால் அது கையில் ஏறிவிடும். இறக்குவதற்கு ஒரு வாரம் ஆகும்.

படி 7: ஒரே கணக்கு, வேறு வேறு துணை

மெல்லக் கற்போருக்குத் தனியே எளிய கணக்கு, மற்றவர்களுக்கு வேறு கணக்கு என்று பிரித்துக் கொடுப்பது எனக்கு ஒத்துவரவில்லை. எளிய தாள் வாங்கும் பிள்ளைக்குத் தன் இடம் எதுவென்று தெரியும். ஆறு கணக்கும் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் சிலருடைய தாளில் நான்காம் கணக்குக்குக் கீழே "மொத்தம் = ____ + ____" என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். இன்னும் சிலருக்கு 40 கட்டம் கொண்ட படம். அடுத்த வாரம் அந்த வரி அவர்கள் தாளிலிருந்து போய்விட வேண்டும். போகவில்லை என்றால் நாம் ஊன்றுகோல் கொடுக்கவில்லை, காலைக் கட்டிவிட்டோம்.

2022இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். பெயர் அழகானது. நிலை பிள்ளைக்குப் பட்டமாகிவிடாமல் அன்றைய பயிற்சிக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கும் வரை அந்த முறையில் எனக்கு ஒப்புதல்தான்.

ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்கிறவர்கள் இந்தப் படியைச் சிரித்துக்கொண்டே படித்திருப்பார்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் தனிப்பயிற்சி விருப்பம் அல்ல, பிழைக்கும் வழி. அங்கே ஒரு வகுப்பு தனியே எழுதும்போது மற்ற வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கும், நடந்து பார்க்க முடியாது. ஆகவே அங்கே கொடுக்கும் பயிற்சி புதுப் பாடத்தில் இருக்கக் கூடாது. நேற்று சரியாகச் செய்ததை இன்று தனியே செய்யட்டும். விடைகள் எழுதிய தாள் ஒன்று ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்தால், மூன்று கணக்குக்கு ஒருமுறை தாங்களே போய்ச் சரிபார்த்துக்கொள்வார்கள். ஏமாற்றுவார்களா? முதல் வாரம் ஏமாற்றுவார்கள். மதிப்பெண் இல்லை என்று நம்பிக்கை வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பெண் பற்றி ஒரு பேச்சு

எங்கள் ஊரில் பூக்கட்டக் கற்றுக்கொள்ளும் சிறுமியின் கையில் யாரும் முதலிலேயே மல்லிகையைக் கொடுப்பதில்லை. அதுவும் முகூர்த்த நாளில் விலை ஏறிக் கிடக்கும்போது நிச்சயமாகக் கொடுப்பதில்லை. விலை குறைந்த பூவோ உதிரியோ முன்னால் குவிக்கப்படும். நார் நழுவும், பூ அறுந்து விழும், யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். தனிப்பயிற்சிக்கு மதிப்பெண் போடுவது முதல் நாளே மல்லிகையைக் கொடுத்துவிட்டு, அறுந்த ஒவ்வொரு பூவுக்கும் காசு கேட்பது. அந்தப் பயத்தில்தான் வேப்பமரத்தடியில் நோட்டு கைமாறுகிறது. வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத்தின் நடுவே மதிப்பெண் போடும் மதிப்பீட்டுக்கு, வேறு நேரம் இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள் என்பது நினைவிருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்துத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். மணலின் அருமை செலவில்லாதது என்பது மட்டும் இல்லை. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் தவறு போய்விடும். யாருடைய சிவப்பு மையும் அதில் நிற்காது.

படி 8: முடிப்பதும், திரும்பி வருவதும்

10.49க்கு விடைகளை நானே வாசிப்பேன். பிள்ளைகள் தங்கள் நோட்டைத் தாங்களே வேறு நிறப் பேனாவால் சரிபார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் மாற்றிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். நட்பும் பகையும் அதில் விளையாடுகிறது. பிறகு கால் தாளில் ஒரே ஒரு கணக்கு, அதாவது வெளியேறும் சீட்டு. படி 1இல் எழுதிய கடைசிக் கணக்கின் எண்களை மட்டும் மாற்றிக் கொடுப்பேன்: 9 பென்சில் முறிந்தது, 51 நல்லது. (9/60, அதே 15 சதவீதம்.) வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

மதிய இடைவேளையில் சீட்டுகளை மூன்று குவியலாகப் பிரிக்க நான்கு நிமிடம் ஆகும்: சரி, வழி சரி ஆனால் வகுத்தல் தவறு, வழியே தவறு. மூன்றாம் குவியல் எட்டுக்கு மேல் இருந்தால் நாளை இதே பாடம். ஐந்துக்குள் என்றால் நாளைய தனிப்பயிற்சி நேரத்தில் அந்த ஐந்து பேரை முன்பெஞ்சுக்கு அழைத்து உட்காரவைத்துக்கொள்வேன். முப்பத்தாறு நோட்டை வீட்டுக்குச் சுமந்துபோய்த் திருத்தும் வேலை இதனால் பாதியாகக் குறைந்தது என்பது நான் எதிர்பாராத ஆதாயம்.

இனி அந்த ஆறாம் கணக்கு, 3/8. ஒரே வகைக் கணக்கை அடுத்தடுத்துப் போட்டால் அன்று எல்லோருக்கும் சரியாக வரும். எந்த முறை என்று யோசிக்கவே வேண்டாமே. ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் திண்ம உருவங்களின் கன அளவு காணவைத்தார்கள். வகைவகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள்; கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் கூட்டம் 20 சதவீதத்துக்கு இறங்கியது, கலந்து பயின்றவர்கள் 63இல் நின்றார்கள். இதைப் படித்த பிறகு, "வகுப்பில் நன்றாகத்தானே போட்டார்கள், பரீட்சையில் என்ன ஆயிற்று?" என்று ஆசிரியர் அறையில் நாம் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு எனக்கு ஓரளவு விடை கிடைத்தது.

ஆகவே புதுப் பாடத்தின் முதல் இரண்டு நாள் ஒரே வகை, கூடப் பழைய கணக்கு ஒன்று மட்டும். மூன்றாம் நாளிலிருந்து கலப்பு. வெள்ளிக்கிழமை தனிப்பயிற்சியில் அந்த வாரத்துக் கணக்கு இரண்டு, போன மாதத்தது இரண்டு, போன பருவத்தது ஒன்று. பாடநூலின் அத்தியாயக் கடைசியில் "பல்வகைத் திறனறிப் பயிற்சிக் கணக்குகள்" இதற்காகவே இருக்கின்றன. நேரமில்லை என்று நாம் விட்டுவிடுவது அதைத்தான்.

மற்றப் பாடங்களில்

தமிழில் "பத்து முறை எழுதி வா" என்பது பயிற்சி அல்ல. ஐந்தாம் முறைக்குப் பிறகு கை மட்டும் எழுதும், தலை விளையாடப் போய்விடும். குறளை ஒருமுறை படித்து, மூடி, எழுதி, திறந்து பார்த்துத் திருத்துவது பயிற்சி. வல்லினம் மிகும் இடம் நடத்தினால், மிகும் தொடரும் மிகாத தொடரும் கலந்த எட்டு வரியைக் கொடுத்து ஒற்றுப் போடச் சொல்லலாம். எல்லாமே மிகும் தொடராக இருந்தால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடும். அறிவியலில் படத்தைப் பார்த்து வரைவதைவிட, பாகம் குறிக்காத படத்தில் குறிக்கச் செய்வது மேல். சமூக அறிவியலில் ஒரு பத்தியைப் படித்து இரண்டு வரியில் தன் சொல்லில் எழுதுவது. இதற்குப் பன்னிரண்டு நிமிடம் போதாது, பதினைந்து வையுங்கள்.

வீட்டுப்பாடத்தை நான் முழுசாக நிறுத்திவிடவில்லை. வகுப்பில் தனியே சரியாகச் செய்த வகையில் இரண்டே இரண்டு கணக்கு கொடுக்கிறேன். பூக்கட்டி முடித்து ஒன்பது மணிக்கு நோட்டை எடுக்கும் பிள்ளையும் அதை யார் உதவியும் இல்லாமல் போட்டுவிட முடியும்.

எங்கிருந்து தொடங்குவது

எல்லா வகுப்பிலும் எல்லாப் பாடவேளையிலும் ஒரே வாரத்தில் தொடங்கினால் பத்து நாளில் கைவிடுவீர்கள். ஒரு வகுப்பு, வாரத்துக்கு இரண்டு நாள். தலைமையாசிரியரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வராந்தாவில் நடந்துபோகிறவர்களுக்கு அமைதியான வகுப்பு பாடம் நடக்காத வகுப்பாகத் தெரியும். ஒருமுறை பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "பாடம் முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். கையில் இருந்த கோடு போட்ட தாளைக் காட்டினேன். நான்காம் கணக்குக்கு நேரே ஏன் இத்தனை கோடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

நான் தொடங்கிய முதல் நாள் பன்னிரண்டு நிமிடம் ஓடவில்லை. ஆறாவது நிமிடத்தில் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. ஜாமெட்ரி பெட்டி ஒன்று கீழே விழுந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டார்கள். அன்று அத்தோடு முடித்துக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழு நிமிடம் வைத்தேன்.